கொண்டைக்கடலை மேயரும் கொப்பரையில் எரிந்த துப்பாக்கியும்: குர்து மக்களைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

உலகத்தில் குர்து மக்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒரு கணக்கு மூன்று கோடி என்கிறது, இன்னொரு கணக்கு நான்கு கோடி என்கிறது! நடுவில் ஒரு கோடிப் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை! எண்ண வேண்டிய அரசுகளுக்கு எண்ணுவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்! துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாடுகளில் பரவிக் கிடக்கும் இவர்களுக்கு ஐ.நா. சபையில் ஒரு நாற்காலி கிடையாது. ஆனால் இவர்களுக்குள்ளிருந்து கிளம்பிய இடதுசாரிகள் செய்து பார்த்த ஆட்சிப் பரிசோதனைகள் இருக்கின்றனவே... கேட்டால் மூக்கில் விரலை வைப்பீர்கள்!

மூன்றே வருடத்தில் காணாமல் போன நாடு!

1920 ஆகஸ்ட் 10. முதல் உலகப் போரில் தோற்ற ஓட்டோமான் பேரரசை வெற்றி பெற்ற நாடுகள் செவ்ர் ஒப்பந்தத்தில் பங்கு போட்டன. குர்துகளுக்கும் தனி நாடு அமையலாம் என்று அதில் வழி வைத்திருந்தார்கள்! 1923 ஜூலை 24 அன்று லோசான் நகரில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் குர்து மக்களுக்கு எத்தனை வரி தெரியுமா? ஒரு வரிகூட இல்லை!

தண்டவாளமே எல்லைக்கோடு!

இரண்டு நாடுகளை எது பிரிக்கும்? ஆறு, மலை, முள்வேலி... ரயில்பாதை பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெர்லினிலிருந்து பாக்தாத் வரை ஜெர்மானியர்கள் திட்டமிட்ட ரயில்பாதையின் ஒரு நீண்ட துண்டுதான் இன்றைக்கும் துருக்கிக்கும் சிரியாவுக்கும் எல்லை! தண்டவாளத்துக்கு வடக்கே துருக்கி, தெற்கே சிரியா! அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம்! அந்தப் பகுதிக் குர்துகளிடம் ஊரைக் கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்வதில்லையாம். 'கோட்டுக்கு மேலே', 'கோட்டுக்குக் கீழே' என்றுதான் பதில் வரும்! 2014-இல் உலகமே உச்சரித்த கொபானி நகரம்கூட அந்த ரயில்பாதை போட்டபோது ஒரு ஸ்டேஷனைச் சுற்றி முளைத்த ஊர்தான்!

தலைவர் காஜி, காப்பாளர் ஸ்டாலின்!

1946 ஜனவரி 22. ஈரானின் வடமேற்கு மூலையில் மகாபாத் என்ற சிற்றூரின் சதுக்கத்தில் ஒரு குடியரசு பிரகடனமானது. அதிபர் யார்? காஜி முகமது. பெயருக்கேற்ப மதநீதிபதிக் குடும்பத்தில் வந்தவர்! அவருக்குப் பின்னால் நின்றது யார்? கடவுளே இல்லை என்ற சோவியத் யூனியன்! எப்படிப்பட்ட ஜோடி பார்த்தீர்களா? அச்சு இயந்திரம் வந்தது. குர்து மொழியில் பாடப்புத்தகம் வந்தது, பத்திரிகை வந்தது, பெண்களுக்கென்று ஓர் அமைப்பு வந்தது. எல்லாம் ஒரு வருடத்துக்குள்!

ஒரு வருடமா? அதுகூட இல்லை! பதினோரு மாதம் முழுதாக முடியவில்லை! ஈரானுடன் சமரசமான சோவியத் படை மே மாதமே மூட்டை கட்டிவிட்டது. டிசம்பரில் ஈரான் ராணுவம் ஊருக்குள் வந்தது. காஜி முகமது தப்பி ஓடவில்லை. 1947 மார்ச் 31 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். எங்கே தெரியுமா? குடியரசைப் பிரகடனம் செய்த அதே சதுக்கத்தில்!

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பதினோரு மாதத்துக்குள் மகாபாத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா, குடியரசின் படைத்தளபதி முஸ்தஃபா பர்சானி. குடியரசு விழுந்ததும் அப்பா சுமார் 500 போராளிகளோடு மலை மலையாக நடந்து, அராஸ் ஆற்றைக் கடந்து, சோவியத் யூனியனுக்குள் போனார். 1958-இல்தான் இராக் திரும்பினார்! அந்தக் குழந்தை? மசூத் பர்சானி! 2005-இல் இராக்கின் குர்திஸ்தான் பிராந்தியத்துக்கு முதல் அதிபரானார்!

பக்கத்து நாட்டு ரேடியோவில் சொந்த மொழி!

மகாபாத்துக்கும் முன்னால் ஒரு 'சிவப்புக் குர்திஸ்தான்' இருந்தது தெரியுமா? சோவியத் அஜர்பைஜானுக்குள், லாச்சின் நகரைத் தலைநகராகக் கொண்டு 1923-இல் தொடங்கினார்கள். 1929-இல் கலைத்தே விட்டார்கள்!

ஆனால் சோவியத் மண்ணிலிருந்து வேறொரு வரம் கிடைத்தது. 1955-இல் ஆர்மீனியாவின் யெரெவான் வானொலி குர்து மொழியில் ஒலிபரப்பத் தொடங்கியது. துருக்கிக் கிராமங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டார்களாம்! தாய்மொழிப் பாட்டு கேட்க எல்லை தாண்டி வரும் அலைவரிசையைத் தேட வேண்டியிருந்தது!

மூன்று எழுத்துக்குத் தடையா?

ஆமாம்! க்யூ, டபிள்யூ, எக்ஸ்! துருக்கியின் 1928 எழுத்துச் சட்டத்தில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. குர்து மொழியிலோ இவை இல்லாமல் எழுதவே முடியாது! பிள்ளைக்கு ஆசையாக வைத்த பெயரில் டபிள்யூ இருந்தால் பிறப்புச் சான்றிதழ் கிடையாது! 'நெவ்ரோஸ்' என்ற புத்தாண்டை அவர்கள் முறைப்படி எழுதினால் வழக்கு! இந்த மூன்று எழுத்துக்கும் எப்போது விடுதலை கிடைத்தது தெரியுமா? 2013-இல்! எண்பத்தைந்து வருடம்!

மொழிக்கே தனியாக ஒரு தடைச் சட்டம் 1983-இல் வந்தது, 1991-இல் நீங்கியது. நீங்கிய அதே 1991-இல், நவம்பர் மாதம், துருக்கி நாடாளுமன்றத்தில் குர்துப் பெண் உறுப்பினர் லெய்லா ஸானா உறுதிமொழி எடுத்தார். துருக்கி மொழியில் முழுக்கப் படித்துவிட்டு, கடைசியில் இரு மக்களின் சகோதரத்துவம் பற்றிக் குர்து மொழியில் ஒரே ஒரு வாக்கியம்! சபை கொந்தளித்தது! 1994-இல் அவருடைய பதவிப் பாதுகாப்பைப் பறித்துக் கைது செய்தார்கள். தண்டனை 15 ஆண்டுகள்! சிறைக்குள் இருந்தபோதே 1995-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகாரவ் பரிசு! வெளியே வந்தது 2004-இல்!

அவருடைய கணவர் என்ன தொழில் தெரியுமா? தையல்காரர்! 1977-இல் தியார்பக்கிர் மாநகர மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று பெரிய கட்சிகளைத் தோற்கடித்த மெஹ்தி ஸானா! 1980 ராணுவப் புரட்சி அவரை நேராகச் சிறைக்கு அனுப்பியது. பத்து வருடத்துக்கு மேல் உள்ளே! சிறை வாசலில் கணவரைப் பார்க்கக் காத்திருந்த நாட்களில்தான் லெய்லா அரசியல் படித்தார் என்பார்கள்.

சிறைக்குள்ளிருந்து டைரக்ட் செய்த படம்!

சினிமா ரசிகர்களே, இது உங்களுக்கு! குர்து இடதுசாரி நடிகர், இயக்குநர் யில்மாஸ் குனே. சிறையில் இருந்துகொண்டே திரைக்கதை எழுதி, ஷாட் ஷாட்டாகக் குறிப்பு அனுப்ப, வெளியே ஷெரிஃப் கோரென் படம் பிடித்தார். 1981-இல் குனே தப்பித்து வெளிநாடு போய்ப் படத்தொகுப்பை முடித்தார். 'யோல்' என்ற அந்தப் படம் 1982 கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது! சொந்த நாட்டில் ரிலீஸ்? 1999-இல்தான்!

ஊரே காலி!

உண்ணாவிரதம் தெரியும், கடையடைப்பு தெரியும். ஊரையே காலி செய்யும் போராட்டம் தெரியுமா? 1979 ஜூலை. ஈரானில் புரட்சி முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மரிவான் நகருக்குள் புது ஆட்சியின் காவலர் படை வருவதை எதிர்த்து, ஜனங்கள் மொத்தமாகக் கிளம்பி ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுவிட்டார்கள்! நீங்கள் வாருங்கள், ஆள வேண்டிய ஆட்கள்தான் இருக்க மாட்டார்கள்! முன்னின்றவர்கள் 'கோமளா' என்ற இடதுசாரி அமைப்பினர். சனந்தஜ் நகரிலிருந்து ஆதரவாளர்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கோமளா பின்னால் என்ன ஆனது? உடைந்தது, மறுபடி உடைந்தது! கடைசியில் 'கோமளா' என்ற பெயரைத் தாங்கியே ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகள்! யாரும் பெயரை விட்டுத்தரத் தயாராக இல்லை!

தீவுச் சிறையும் வெர்மான்ட் தாத்தாவும்!

இந்தக் கதைதான் எல்லாவற்றிலும் உச்சம்! நிதானமாகக் கேளுங்கள்.

1978 நவம்பர் 27. தியார்பக்கிர் மாகாணத்தில் ஃபிஸ் என்ற குக்கிராமம். ஒரு வீட்டில் சில இளைஞர்கள் ரகசியமாகக் கூடிக் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள். அதுதான் பிகேகே! தலைவர் அப்துல்லா ஓஜலான், அங்காரா பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவர். கொள்கை? அச்சு அசல் மார்க்சிய லெனினியம். இலக்கு? தனி நாடு! 1984 ஆகஸ்ட் 15-இல் முதல் துப்பாக்கி வெடித்தது. அடுத்த நாற்பது வருடத்தில் செத்தவர்கள் 40,000 பேருக்கு மேல்!

1998 அக்டோபரில் துருக்கி மிரட்டியதும் சிரியா ஓஜலானை வெளியேற்றியது. கிரேக்கம், ரஷ்யா, இத்தாலி... எந்த நாடும் வைத்துக்கொள்ளத் தயாரில்லை! கடைசியில் எங்கே பிடிபட்டார் தெரியுமா? ஆப்பிரிக்காவில்! 1999 பிப்ரவரி 15, நைரோபியில், கிரேக்கத் தூதரகத்தின் பாதுகாப்பிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியில்! கையில் சைப்ரஸ் பத்திரிகையாளர் ஒருவர் பெயரிலிருந்த பாஸ்போர்ட்!

மர்மரா கடலில் இம்ராலி என்றொரு தீவு. 1961-இல் முன்னாள் பிரதமர் அத்னான் மெந்தெரஸைத் தூக்கிலிட்ட இடம். அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். துருக்கி அந்தத் தண்டனையைக் கைவிட்டதால் 2002-இல் ஆயுளாக மாறியது. தீவில் மொத்தக் கைதிகள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்! சுமார் பத்து வருடம் அந்த ஒரே ஒரு கைதிக்காக ஒரு தீவு, ஒரு சிறை, சுற்றிலும் ராணுவம்!

அங்கே என்ன செய்தார்? படித்தார்! எழுதினார்! அவர் எழுதியதை வெளியே கொண்டுவந்த விதம்தான் விசித்திரம். நீதிமன்றத்துக்குத் தரும் வாக்குமூலமாக எழுதினார்! ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணங்கள்தான் பின்னால் தடித்தடியான தத்துவப் புத்தகங்களாக வந்தன!

அப்போது அவர் கையில் கிடைத்தவை முர்ரே புக்சினின் நூல்கள். யார் இவர்? நியூயார்க்கில் ரஷ்ய யூதக் குடும்பத்தில் 1921-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கம்யூனிஸ்ட். இரும்பு வார்ப்பாலையிலும் கார் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். பிறகு மார்க்சையும் விட்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உட்கார்ந்து, 'மையத்தில் அரசு வேண்டாம், ஊர் மன்றங்களே ஆளட்டும்' என்று எழுதிக்கொண்டே இருந்தவர். ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற சூழலியல் நூல் வருவதற்குச் சில மாதம் முன்னாலேயே, 1962-இல், ரசாயன உணவைப் பற்றிப் புனைபெயரில் புத்தகம் போட்டவர்! அவர் சொன்னதை அமெரிக்காவில் எத்தனை ஊர் கேட்டது? ஏறக்குறைய எதுவுமே இல்லை!

2004-இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஓஜலான் தன்னை உங்கள் மாணவராகக் கருதுகிறார் என்று! புக்சினுக்கு அப்போது 83 வயது, உடம்பு முடியவில்லை. ஓரிரு கடிதத்தோடு தொடர்பு நின்றது. ஆனால் 2005 மார்ச்சில் ஓஜலான் அறிவித்தார்: தனி நாடே வேண்டாம்! தெருவுக்கு ஒரு மன்றம், அதற்கு மேல் ஊர் மன்றம், அதற்கு மேல் வட்டார மன்றம்! லட்சியத்துக்காக ஆயிரக்கணக்கில் செத்த ஓர் இயக்கம் லட்சியத்தையே மாற்றிக்கொண்டது, அதுவும் ஒரு கைதி சொன்னதற்காக! இது ஜனநாயகமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேலிருந்து வந்த உத்தரவுப்படி கீழிருந்து ஆட்சி!

2006-இல் புக்சின் இறந்தபோது பிகேகே இரங்கல் அறிக்கை விட்டது. அவருடைய யோசனையை நடைமுறையில் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தது. ஆறே வருடத்தில் காட்டத் தொடங்கியும் விட்டது!

ஒரே நாளில் 1,20,000 அந்நியர்கள்!

எங்கே காட்டியது? சிரியாவில்! அதற்கு முன் அங்கே நடந்த ஒரு கொடுமை தெரியுமா? 1962-இல் ஹசாக்கா மாகாணத்தில் ஒரே நாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு! நீ 1945-க்கு முன்பிருந்து இங்கே இருக்கிறாயா, காகிதம் காட்டு என்றார்கள். காட்ட முடியாத சுமார் 1,20,000 குர்துகள் பொழுது சாய்வதற்குள் அந்நியர்களாகிவிட்டார்கள்! ஒரே வீட்டில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன்! சிரியாவின் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதியின் குடியுரிமைகூடப் போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சொத்து வாங்க முடியாது, அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. பிள்ளை பெற்றால் பிள்ளையும் அந்நியன்! 2011-இல் போராட்டம் வெடித்ததும்தான் அப்போதைய அதிபர் அசாத் அவசர அவசரமாகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமையைத் திருப்பித் தந்தார்.

நாற்காலி ஒன்று, உட்காருபவர் இருவர்!

2012 ஜூலை 19. உள்நாட்டுப் போரில் திணறிய அசாத்தின் படைகள் விலக, கொபானி குர்து இடதுசாரிகள் கைக்கு வந்தது. 2014 ஜனவரியில் ஜசீரா, கொபானி, அஃப்ரின் என்று மூன்று சுயாட்சி மாவட்டங்கள்! அரசியல் சாசனம் என்ற சொல்லே வேண்டாம் என்று 'சமூக ஒப்பந்தம்' எழுதினார்கள், 96 பிரிவுகள்! ஜசீராவில் ஆட்சி மொழி எத்தனை தெரியுமா? குர்து, அரபு, சிரியாக் என்று மூன்று!

எல்லா அவையிலும் பெண்களுக்குக் குறைந்தது 40 சதவீதம்! எல்லாத் தலைமைப் பதவியிலும் இருவர், ஓர் ஆண், ஒரு பெண்! பலதார மணத்துக்குத் தடை, 18 வயதுக்கு முன் திருமணத்துக்குத் தடை! அரபுப் பழங்குடிகள் நிறைந்த ஊர்களில் இதே சட்டத்தை நீட்டத் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

'மாலா ஜின்' என்ற பெண்கள் மன்றத்தைப் பற்றிக் கேட்டால் அசந்துவிடுவீர்கள்! முதலாவது கமிஷ்லியில் 2011-இலேயே திறந்துவிட்டது. ஒரு சாதாரண வீடு. சுவரோரம் நாற்காலிகள், நடுவில் தேநீர்க் கோப்பைகள். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வருகிறாள். நடுவயது தாண்டிய நாலைந்து பெண்கள் கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். கணவனுக்கு ஆள் போகிறது. அவன் வந்து அந்தப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்! சமாதானமானால் எழுதிக் கையெழுத்து, ஆகாவிட்டால் நீதிமன்றம்!

இது போதாதென்று ஜின்வார்! 2018 நவம்பர் 25-இல் திறந்த கிராமம். சுமார் முப்பது மண்செங்கல் வீடுகள், பள்ளி, தோட்டம். குடியிருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் மட்டும்! ஆண்கள் பகலில் வந்து போகலாம். ராத்திரி தங்க அனுமதி இல்லை!

ஒரே ஊரில் இரண்டு அரசாங்கம்!

அடுத்த அதிசயம் கமிஷ்லி நகரம். ஊரை ஆண்டது குர்து நிர்வாகம். ஆனால் ஊருக்கு நடுவே சில தெருக்களும் விமான நிலையமும் அசாத் அரசிடமே! அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அசாத் படம், வெளியே வந்தால் ஓஜலான் படம்! புரட்சிப் பிரதேசத்தில் வசித்த பழைய அரசு ஊழியர்கள் சம்பளம் வாங்கியது யாரிடம்? டமாஸ்கஸிடம்! செலாவணி? சிரியப் பவுண்டுதான்!

பெற்றோரின் தலைவலியை நினைத்துப் பாருங்கள். தாய்மொழியில் பாடம் சொல்லித்தரும் புதுப் பள்ளி தெருமுனையிலேயே இருந்தது. 1983-இல் துருக்கியில் கனவுகூடக் காண முடியாத பள்ளி! ஆனால் அதன் சான்றிதழை உலகத்தில் யாரும் ஏற்கவில்லை! டாக்டராக வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால்? அசாத் அரசின் தெருவிலிருந்த நெரிசலான பள்ளிக்கு அனுப்பினார்கள், குர்து ஆட்சியை ஆதரித்தவர்களும்தான்! புதிதாக 2016-இல் கமிஷ்லியில் ரோஜாவா பல்கலைக்கழகம் திறந்தும் அதே சிக்கல். இந்த ஆட்சியை அங்கீகரித்த நாடு எத்தனை தெரியுமா? பூஜ்யம்! 2021-இல் ஸ்பெயினின் கட்டலோனியப் பிராந்திய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அதுவே இன்னும் தனி நாடாகவில்லை!

தண்ணீர் அந்தப் பக்கம், கரன்ட் இந்தப் பக்கம்!

ஐஎஸ் பயங்கரவாதிகளை வென்றவர்களைத் திணறடித்தது எது தெரியுமா? ஒரு பம்பிங் ஸ்டேஷன்! பெயர் அலூக். ஹசாக்கா வட்டாரத்தில் சுமார் 4,60,000 பேருக்குக் குடிநீர் அங்கிருந்துதான். 2019 அக்டோபரில் துருக்கிப் படையெடுப்பில் அது கைமாறியது. ஆனால் மோட்டார் ஓட மின்சாரம் குர்து நிர்வாகப் பகுதியிலிருந்து போக வேண்டும்! அவர்கள் தண்ணீரை நிறுத்த, இவர்கள் கரன்டை நிறுத்த, தாகத்தில் தவித்தது ஜனம்! லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்து மாடித் தொட்டியை நிரப்பிய குடும்பங்கள் எத்தனை!

சரி, சோறாவது? சிரியாவின் கோதுமைக் களஞ்சியமே இந்தப் பகுதிதான்! 2023-இல் டன்னுக்கு 430 டாலர் என்று கொள்முதல் விலை வைத்த நிர்வாகம், 2024-இல் 310 டாலர் என்று இறக்கியது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள்! மக்களாட்சிக்கு எதிராக மக்கள்!

தேர்தல் கதை தெரியுமா? 2017-இல் மூன்று கட்டமாக அறிவித்தார்கள். செப்டம்பரில் ஏறத்தாழ 3,700 தெரு மன்றங்களுக்கு முதல் கட்டம் முடிந்தது. டிசம்பரில் இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது? நடக்கவே இல்லை! 2024-இல் நகராட்சித் தேர்தல் அறிவித்து, தள்ளி, மறுபடி தள்ளி, துருக்கி மிரட்ட, அமெரிக்காவும் வேண்டாம் என்று சொல்ல, அதுவும் போனது!

பெயரை மாற்றுங்கள் என்ற அமெரிக்கா!

அமெரிக்கா? ஆமாம், ஏகாதிபத்தியம் என்று திட்டிய அதே அமெரிக்காதான்! 2014 செப்டம்பரில் ஐஎஸ் கொபானியைச் சூழ்ந்தது. எல்லைத் தண்டவாளத்துக்கு அப்பால் மேட்டில் நின்று சொந்த ஊர் எரிவதை ஜனங்கள் பார்த்தார்கள். உள்ளே குர்துப் போராளிகள், அவர்களில் ஏராளமான பெண்கள். மேலே அமெரிக்க விமானங்கள்! நான்கு மாதத்துக்கு மேல் நடந்த சண்டை 2015 ஜனவரி 26-இல் வெற்றியில் முடிந்தது.

பிகேகே 1997-இலிருந்து அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில்! அதன் சிரியத் தம்பிக்கு ஆயுதம் தருவது எப்படி? 'பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று யோசனை சொன்னார்களாம்! ஒரு நாள் அவகாசத்தில் 'சிரிய ஜனநாயகப் படை' என்ற பெயர் வந்துவிட்டது. ஜனநாயகம் என்ற சொல்லைச் செருகியது பிரமாதம் என்று அமெரிக்கச் சிறப்புப் படைத் தளபதி ரேமண்ட் தாமஸ் 2017-இல் மேடையிலேயே சொல்லிச் சிரிக்க வைத்தார்! அந்தப் படை 2017 அக்டோபரில் ரக்காவை மீட்டது. இந்தப் போரில் தங்கள் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 11,000 பேர் என்கிறது. 2019-இல் டிரம்ப் படையை விலக்கியதும் துருக்கி உள்ளே வந்தது!

வென்றவர்களுக்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். ஐஎஸ் குடும்பங்களை அடைத்த அல்-ஹோல் முகாம்! 2019-இல் அங்கே 70,000 பேருக்கு மேல், பாதிக்கு மேல் குழந்தைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர்! பல நாடுகள் தங்கள் பிரஜைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள மறுத்தன. அங்கீகாரமே இல்லாத அரசாங்கம், உலகத்தின் கைதிகளுக்குச் சோறு போட்டது!

எல்லாம் பூமாலை என்று நினைக்காதீர்கள்! 2013 ஜூன் 27 அன்று அமூதா நகரில் எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது இதே இயக்கத்தின் படை சுட்டது, பொதுமக்கள் இறந்தார்கள். எதிர்க்கட்சி அலுவலகங்களைப் பூட்டினார்கள். சிறுவர்களைப் படையில் சேர்த்த புகார் எவ்வளவு பெரிது தெரியுமா? 2019-இல் படைத்தளபதி மஸ்லூம் அப்தி ஜெனீவா போய், இனிச் சேர்க்க மாட்டோம் என்று ஐ.நா.வுடன் ஒப்பந்தம் கையெழுத்திட வேண்டியிருந்தது! 2023 ஆகஸ்டில் தேர் அஸ்-ஸோர் அரபுப் பழங்குடிகள் ஆயுதம் தூக்கினார்கள். தன்னாட்சி என்று பெயர், முடிவெடுப்பது மலையிலிருந்து வந்த பிகேகே தோழர்கள் என்பதுதான் உள்ளூர்க்காரர்களின் நீண்டநாள் முணுமுணுப்பு.

அழிந்துபோன அழியாத மை!

இராக் குர்திஸ்தானுக்கு ஒரு நடை போய்வருவோம். 1992 மே மாதம் முதல் தேர்தல். விரலில் வைக்க வந்த 'அழியாத மை' கழுவினால் போய்விட்டது! தேர்தலையே இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள்! 105 இடத்தில் பர்சானி கட்சிக்கும், ஜலால் தலபானியின் இடதுசாரிச் சாய்வுள்ள கட்சிக்கும் கிட்டத்தட்ட சரிசமம். சரி, பாதிப் பாதி! இவர் கட்சி அமைச்சர் என்றால் அவர் கட்சி துணை அமைச்சர்! ஒரு வண்டிக்கு இரண்டு ஸ்டீயரிங்! இரண்டே வருடத்தில் உள்நாட்டுச் சண்டை, பிறகு இரண்டு தலைநகரம், இரண்டு அமைச்சரவை! எர்பில் செல்போன் சுலைமானியாவில் வேலை செய்யாத காலமும் இருந்தது! தலபானி 2005-இல் முழு இராக்குக்கும் அதிபரானது தனிக் கதை.

கொண்டைக்கடலை மேயர்!

இவரைத் தெரியாமல் போகலாமா? ஃபாதிஹ் மெஹ்மெத் மாசோலு! துருக்கியில் அலவிக் குர்துகள் நிறைந்த டெர்சிம் பகுதியில், ஓவாஜிக் என்ற சின்ன மலையூர். 2014-இல் கம்யூனிஸ்ட் கட்சிச் சின்னத்தில் ஜெயித்தார். நகராட்சியில் காசில்லை. என்ன செய்தார்? சும்மா கிடந்த பொது நிலத்தில் கொண்டைக்கடலையும் பீன்ஸும் விதைத்தார்! தேனோடு சேர்த்து விற்றார்! வந்த லாபத்தில் மாணவர்களுக்கு உதவித்தொகை! பஸ்ஸில் டிக்கெட் இல்லை! நகராட்சியின் வரவு செலவை பேனர் அடித்து அலுவலகச் சுவரிலேயே தொங்கவிட்டார்! இன்ன தேதியில் இவ்வளவு வந்தது, இதற்கு இவ்வளவு போனது, கீழே நிகர மீதி. தெருவில் நடந்து போகிறவர் நின்று கூட்டிப் பார்க்கலாம்! 2019-இல் மாகாணத் தலைநகரத்துக்கே மேயரானார், துருக்கியில் ஒரு மாகாணத் தலைநகரைப் பிடித்த முதல் கம்யூனிஸ்ட்! என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கட்டுரையிலும் பெரிய புரட்சி அந்த பேனர்தான்!

ஜெயித்தவர் 55 சதவீதம், பதவி 27 சதவீதத்துக்கு!

துருக்கியில் நாடாளுமன்றத்துக்குள் நுழையக் கட்சிக்கு 10 சதவீத ஓட்டு வேண்டும் என்ற விதி பல்லாண்டுகள் இருந்தது. குர்துக் கட்சிகள் என்ன செய்தன? கட்சியாக நிற்காமல் சுயேச்சைகளாக நின்று, உள்ளே போய்க் கட்சியாகச் சேர்ந்துகொண்டன! 2015 ஜூனில் துணிந்து ஹெச்டிபி கட்சியாகவே நின்று 13.1 சதவீதம், 80 இடம்! அதன் இணைத் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் 2018 அதிபர் தேர்தலில் எங்கிருந்து போட்டியிட்டார் தெரியுமா? சிறையிலிருந்து! ஓட்டு 8.4 சதவீதம்!

நகராட்சிகளில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இணை மேயர்கள். சட்டம் ஒருவரைத்தான் ஏற்கும், இன்னொருவர் காகிதத்தில் வெறும் கவுன்சிலர்! அதுவும் நிலைத்ததா? 2014-இல் வென்ற 102 நகராட்சிகளில் 95-இல் அரசே தன் ஆளை உட்கார வைத்தது என்கிறது கட்சியின் கணக்கு! 2019-இல் 65-இல் 48!

2024 ஏப்ரலில் வான் நகரம். குர்துக் கட்சியின் அப்துல்லா ஸெய்தான் 55 சதவீதம் வாங்கினார். பதவிச் சான்றிதழ் யாருக்கு? 27 சதவீதம் வாங்கிய ஆளுங்கட்சிக்காரருக்கு! ஊரே தெருவுக்கு வந்தது, மறுநாளே சான்றிதழ் திரும்பியது! அப்பாடா என்கிறீர்களா? 2025 பிப்ரவரியில் மறுபடி பிடுங்கிக்கொண்டார்கள்!

கொப்பரையில் எரிந்த துப்பாக்கிகள்!

அதே 2025 பிப்ரவரி 27. தீவிலிருந்து ஓஜலானின் கடிதம் இஸ்தான்புல்லில் வாசிக்கப்பட்டது: பிகேகே கலைந்து போகட்டும்! மார்ச் 10-இல் சிரியாவில் மஸ்லூம் அப்தி, அசாத்தை வீழ்த்திய அகமது அல்-ஷராவோடு எட்டு அம்ச இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மே 12-இல் பிகேகே தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. ஜூலை 9-இல் வெளியான வீடியோவில் ஓஜலானின் குரலை உலகம் 26 வருடம் கழித்துக் கேட்டது!

ஜூலை 11. இராக்கின் சுலைமானியா பக்கம், ஜாசனா குகை. மலைப்படியில் போராளிகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். கீழே பிரம்மாண்டமான கொப்பரை, அதில் விறகு. அறிக்கை இரண்டு மொழியில் வாசிக்கப்பட்டது, துருக்கி மொழியிலும் குர்து மொழியிலும். அறிக்கை இரண்டு மொழியில் வாசிக்கப்பட்டது, துருக்கி மொழியிலும் குர்து மொழியிலும். பிறகு தீ வைத்தார்கள்! ஒப்படைக்கவில்லை, கவனியுங்கள், எரித்தார்கள்! வந்தவர்கள் மொத்தம் 30 பேர். அதில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று ஊகிக்க முடிகிறதா? பெண்கள் 15, ஆண்கள் 15! துப்பாக்கியை எரிப்பதிலும் சரிபாதி!